டயாலிசிஸ் நாற்காலியருகே வேதம் வாசித்த நாட்கள்

2013ஆம் ஆண்டின் கடைசி இரவில், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும், ஆளுக்கொரு வேத வசனம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளை வழக்கம்போல் ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வரிசையில் நின்று நான் எடுத்த அட்டையில் எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம் இருந்தது. நம்மைக் குறித்துக் கர்த்தர் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கு ஏதுவானவை என்று சொல்லும் வசனம் அது. வரப்போகும் ஆண்டுக்கு இதைவிட நல்ல வார்த்தை கிடைக்காது என்று மகிழ்ந்து, செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் குளிர்பெட்டிக் கதவில் அதை ஒட்டிவைத்தேன். மார்ச் மாதத்தில், என் கணவர் 17 ஆண்டுகள் வேலை செய்த அச்சகம் மூடப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில், எங்களோடு இருந்த அம்மாவின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று மருத்துவர் சொன்னார். அதன்பிறகு, குளிர்பெட்டியின் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த அட்டையைப் பாராமல் திறக்கப் பழகிக்கொண்டேன்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த சிறிய ஆலயத்தின் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்காக ஆண்டுதோறும் பரிசு வாங்கியவள். நூறு வசனங்களுக்குமேல் பார்க்காமல் சொல்லத் தெரிந்த எனக்கு, வேதாகமத்தின் 66 புத்தகங்களில் ஒன்றையேனும் முதலிலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டமாக வாசித்த நினைவு 41 வயதுவரை இல்லை. என் விசுவாசம் தனித்தனி வசனங்களின்மேல் நின்றது. அவற்றில் ஒன்று பொய்த்துவிட்டது என்று தோன்றியபோது எல்லாமே ஆடத் தொடங்கியது.

அம்மாவுக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள் என்பதால், மாலையில் தொடங்கும் கடைசி நேரப்பிரிவைக் கேட்டு வாங்கி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் அவரோடு உட்காரத் தொடங்கினேன். இரண்டு ஊசிகள் ஏறிய கையை அசைக்க முடியாது. தொலைக்காட்சியில் ஓடுவது அவருக்குப் பிடிக்காது. 12 வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர் என்பதால் எழுத்தும் தெரியாது. மூன்றாவது வாரத்தில் அவரே, "வேதத்தையாவது கொண்டாந்து வாசியேன், பிள்ள" என்றார். எனக்குத் தெரிந்த சங்கீதங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக வாசித்தேன். சிறிது நேரம் கேட்டுவிட்டு, "இப்படிக் கிள்ளிக் கிள்ளிக் குடுத்தா எப்படி? முதல்ல இருந்து வாசி, யாரு யாருகிட்ட சொல்றாங்கன்னு தெரியட்டும்" என்றார். வேதத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்தவர்களில், எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவையே முதலில் சொல்வேன்.

அவருடைய சொல்லைப் பிடித்துக்கொண்டுதான், எனக்கு மனத்தாங்கல் இருந்த இடத்துக்கே போனேன். எரேமியாவின் 27ஆம் அதிகாரத்தில் தொடங்கி 29 முடிய மூன்று மாலைகள் வாசித்தோம். நான் அட்டையில் எடுத்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து பிரித்தெடுத்த வரி என்பதை அன்றுதான் கண்டேன். கி.மு. 597இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில், இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி கூட்டத்தின் முன் அறிவிக்கிறான். எரேமியாவின் கடிதமோ 70 ஆண்டுகள் என்கிறது. அதாவது, அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே சாகப்போகிறவர்கள். அவர்களிடம்தான், வீடு கட்டுங்கள், குடியிருங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், கொண்டுபோகப்பட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டு, தம் நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்கிறார் கர்த்தர். ஓராண்டுக்குள் எல்லாம் நன்றாகிவிடும் என்று அந்த வசனம் எனக்குச் சொல்லவே இல்லை. அப்படிச் சொன்னவன் அனனியா. அட்டையை ஒட்டிய நாளிலிருந்து நான் அனனியாவின் காதோடுதான் எரேமியாவின் வசனத்தைக் கேட்டிருக்கிறேன்.

"தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிட்டு" என்னும் 5ஆம் வசனத்தை வாசித்தபோது அம்மா கையமர்த்தினார். நம் நாட்டில் தோட்டம் என்றால் பழத்தோட்டம் நினைவுக்கு வருவதில்லை. பால்மரமும், வரிசையாகக் கட்டிய லயன் வீடும், விடியற்காலையில் ஆளெடுக்கும் பெரட்டும்தான் நினைவுக்கு வரும். "எங்க அப்பன் ஆத்தா நாட்டுன தோட்டத்துல கனி தின்னது யாரு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து அவரே, "இவரு அவங்களையே சாப்பிடச் சொல்றாரே, அது பெரிய விஷயந்தான்" என்றார். செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸிலும், இரயில் பட்டறையை நம்பி வளர்ந்த செந்தூலிலும் குடியேறிய நம் முன்னோர், திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்து இங்கேயே வீடு கட்டியவர்கள். அந்தக் கடிதத்தை நம்மைப்போல் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் சிலரே என்று அன்று நினைத்தேன். வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்றும் அட்டை எடுத்தால், வீடு சேர்ந்த பின் அந்த அதிகாரம் முழுவதையும், முடிந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களையும் வாசித்த பிறகே அதை ஒட்டுகிறேன்.

வாய்விட்டு வாசித்ததால் கிடைத்த பயனும் பெரிது. நாம் பழகிய தமிழ் வேதாகமத்தின் நடை 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் நடை. அதன் நீண்ட வாக்கியங்களைக் கண் தாவிக்கொண்டு போய்விடும்; வாய் அவற்றைத் தாண்ட முடியாது. ஆயக்காரன் யார், இராயன் யார் என்று அம்மா கேட்டபோது, நாற்பது ஆண்டுகளாக நான் அறிந்ததாக நினைத்திருந்த பல சொற்களுக்கு எனக்குப் பொருள் தெரியவில்லை என்பது தெரிந்தது. ஐம்பது காசு நோட்டுப்புத்தகம் ஒன்றில் அப்படிப்பட்ட சொற்களை எழுதிவைத்து, போதகரிடமோ அகராதியிலோ கேட்டறிந்து, அடுத்த முறை அம்மாவிடம் சொல்வேன்.

ஆதியாகமத்தை வாசித்துக்கொண்டு யோசேப்பின் வரலாற்றுக்கு வந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் கேட்கத் தொடங்கியிருக்கிறார். செந்தூல் இரயில் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. ஆண்டுதோறும் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகிறவர். நான் தாழ்ந்த குரலில்தான் வாசித்தேன், ஆனாலும் இரண்டு நாற்காலிகளுக்கிடையே கை நீட்டும் தூரந்தான் இருந்தது. தொந்தரவாக இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டபோது, இல்லை என்று தலையசைத்தார். ஒரு வியாழக்கிழமை, அம்மா உறங்கிவிட்டதால் நான் புத்தகத்தை மூடினேன். "அந்தப் பையனைக் குழியில போட்டாங்களே, அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று அவர் கேட்டார்.

அன்றிலிருந்து இருவருக்குமாக வாசித்தேன். எகிப்துக்குத் தானியம் வாங்க வந்த சகோதரரிடம் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தாமல் நாட்களைக் கடத்தும் பகுதியில், "அவன் ஏன் உடனே தான் யாருன்னு சொல்லல?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். 44ஆம் அதிகாரத்தில், பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி யூதா மன்றாடுவதை வாசித்ததும் அவர் நிமிர்ந்து, "இவன்தானே அப்போ விக்கலாம்னு சொன்னவன்?" என்றார். பக்கம் புரட்டி 37ஆம் அதிகாரத்தைப் பார்த்தேன், அவன்தான். "மாறிட்டானான்னு பார்க்கத்தான் காத்திருந்திருக்கான்" என்றார் பெரியவர். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை யோசேப்பின் கதையைக் கேட்டிருந்தும், விற்கச் சொன்னவனும் மீட்க முன்வந்தவனும் ஒருவனே என்பது எனக்கு ஒருபோதும் பட்டதில்லை. முதன்முறை கேட்ட ஒரு முருக பக்தர்தான் அதை எனக்குக் காட்டினார். பகிர்வது என்றால் நிறைந்த பாத்திரத்திலிருந்து வெறும் பாத்திரத்தில் ஊற்றுவது என்று எண்ணியிருந்தவள், அந்த எண்ணத்தை அன்று விட்டேன். ஈப்போவில் இருந்த தம்பியோடு, தகப்பனாரின் வீட்டை முன்னிட்டு 11 ஆண்டுகள் பேசாமல் இருந்ததைப் பின்னொரு நாள் அவரே சொன்னார்.

சில வாரங்களுக்குப் பிறகு அவர், "இவ்வளவு கஷ்டத்துல எதை நம்பிம்மா தினமும் இதைத் தூக்கிட்டு வர்ற?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முன், நான் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 1998இல், புதிதாக மணமாகி இந்த அடுக்குமாடிக்கு வந்த ஆண்டின் தீபாவளி வாரத்தில், எங்கள் மாடியிலிருந்த 14 வீடுகளின் கதவடியிலும் சுவிசேஷக் கைப்பிரதிகளைத் தள்ளிவிட்டு வந்தேன். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா, ஒரு தட்டு முறுக்கோடு அந்தப் பிரதியையும் மடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "வந்து உட்கார்ந்து பேசியிருந்தா கேட்டிருப்பேன். கதவுக்கடியில தள்ளிட்டுப் போயிட்டியே" என்றார். அவர் கோபப்படவில்லை, அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது. நான் அவருடைய பண்டிகை நாளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். முகம் பார்க்கும் துணிவும் எனக்கு இருக்கவில்லை.

அப்படிச் செய்யும்படி என்னை உந்தியதாக நான் நினைத்தது 1 பேதுரு 3:15. நம்மிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்கிறது அந்த வசனம். உத்தரவு என்ற சொல்லை நான் அலுவலகத் தமிழில் புரிந்துகொண்டிருந்தேன்: உத்தரவு என்றால் கட்டளை. பெரியவர் கேள்வி கேட்ட அந்த இரவு, அந்த வசனத்தைத் திரும்பப் பார்க்கும் எண்ணம் வந்தது. உடன் வேலை செய்யும் கத்தோலிக்கத் தோழி ஒருவர் தந்திருந்த, 1995இல் வெளிவந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தேன். அங்கே அந்த இடத்தில் 'விடை' என்று இருந்தது. பழைய அகராதிகளில் உத்தரவு என்பதற்கு மறுமொழி என்ற பொருளும் உண்டு. வேதாகமத்தில் பல இடங்களில் அந்தப் பொருளில்தான் அது வருகிறது. கேட்கிறவருக்குப் பதில் சொல் என்ற வசனத்தை, கேளாதவருக்குக் கட்டளையிடு என்று இத்தனை ஆண்டுகள் படித்திருக்கிறேன். அதற்கு முன்னால் நிற்கும் சாந்தம், வணக்கம் என்ற இரண்டு சொற்களையும் நான் கவனித்ததாகவே நினைவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெரியவருக்குப் பதில் சொன்னேன். நீண்ட பதில் அல்ல. ஊர் திரும்ப முடியாதவர்களுக்குக் கடிதம் எழுதி, நீங்கள் இருக்கும் இடத்திலேயே உங்களோடு இருக்கிறேன் என்று சொல்லும் கடவுளை நம்புகிறேன் என்றும், இயேசுவில் அந்தக் கடவுளே நாம் இருக்கும் இடத்துக்கு வந்தார் என்று விசுவாசிக்கிறேன் என்றும், அம்மாவின் நோய் ஏன் வந்தது என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை என்றும் சொன்னேன். "என்னை மாறச் சொல்றியாம்மா?" என்று கேட்டார். "நீங்க கேட்டதுக்குத்தான் பதில் சொன்னேங்க ஐயா. மேல கேட்டீங்கன்னா மேல சொல்றேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, யோசேப்பின் கதை முடிந்ததும் அடுத்து என்ன என்று கேட்டார். அவர் ஞானஸ்நானம் பெறவில்லை. 2017இல் அவர் காலமானபோது, அந்த இறுதிச் சடங்கில் ஈப்போத் தம்பி முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்தார்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகளை எழுதிவிடுகிறேன். அந்த டயாலிசிஸ் மையத்தில் மலாய்த் தாதியரும் நோயாளிகளும் இருந்தார்கள். நமது மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது விதி, சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே விதியின் 4ஆம் உட்பிரிவு, இஸ்லாமியரிடையே பிற சமயக் கோட்பாடுகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. அந்த எல்லையை நான் மதித்தேன். பின்னர் தொடங்கிய எங்கள் வாசிப்புக் குழுவின் இளையோருக்கும் அதைத் தெளிவாகச் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று, இதைவிட அவசரமானது. எங்களைச் சந்திக்க வந்த விசுவாசி ஒருவர், விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்திவிட்டுக் கர்த்தரை நம்பும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு முறை தவறினாலே உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறி இதயம் நின்றுபோகக்கூடும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அம்மா இரவெல்லாம் உறங்காமல், "எனக்கு விசுவாசம் பத்தலையோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஏசாயா 38ஆம் அதிகாரத்தை வாசித்தோம். எசேக்கியா ராஜாவுக்கு 15 ஆண்டுகள் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா. வாக்கும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வருகின்றன. அம்மா அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்போ வேன் வரச் சொல்லு" என்றார். நோயாளியிடம் வேதத்தைக் கொண்டுபோகிற எவரும், சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் உரிமை தங்களுக்கு இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அம்மா 2018 நவம்பரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கடைசி வாரங்களில் 71ஆம் சங்கீதத்தைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாதேயும் என்னும் அந்த விண்ணப்பத்தை நான் தொடங்கினால் அவர் முடிப்பார்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி ஆலயங்கள் மூடப்பட்டபோது, சபையைச் சேர்ந்த ஐந்து பெண்கள் புலனம் (வாட்ஸ்அப்) வழியாக ஒன்றுகூடி எதையாவது வாசிக்கலாமா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குத் தொடங்கினோம். 16 அதிகாரங்களே உள்ள மாற்கு சுவிசேஷத்தைத் தேர்ந்தெடுத்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆதியாகமத்தில் உற்சாகமாகப் புறப்பட்டு லேவியராகமத்தில் நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு அரை அதிகாரம் போதும் என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் வாய்விட்டு வாசிப்பார். சிறிது இடைவெளி விட்டு இன்னொருவர் அதே பகுதியை மறுபடி வாசிப்பார். அதன்பின் நான் கேட்பது ஒரே கேள்வி: எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள்? யாரும் பேசாவிட்டால் காத்திருக்கிறேன். தொடக்கத்தில் அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியாமல் நானே பிரசங்கம் செய்துவிடுவேன். நான் பேசிய வாரங்களில் மற்றவர்கள் பேசவில்லை என்பதைக் கண்டபின் அதை விட்டேன். பதில் தெரியாத கேள்வியை அந்தப் பழைய நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் தவறாமல் பதிலோடு வருகிறேன், அல்லது போதகருக்கும் தெரியவில்லை என்பதைச் சொல்கிறேன்.

எங்களில் இளையவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், ரூமி (ரோமன்) எழுத்தில்தான் எழுதுவாள். அவள் மலாய் வேதாகமத்தில் வாசிக்க, நாங்கள் தமிழில் வாசித்தோம். இரண்டும் வேறுபடும் இடங்களில்தான் எங்களுக்கு நல்ல உரையாடல்கள் வந்தன. எட்டாம் அதிகாரத்தை அடைந்தபோது அவளே தமிழ் எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். நாங்கள் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. ஒரு வசனத்துக்கு இரண்டு நிமிடம் ஆனாலும் காத்திருந்தோம்.

இடையில், முறுக்குத் தட்டோடு வந்த அதே பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். கணவர் இறந்து, பிள்ளைகள் ஜொகூரில் இருக்க, அந்த நாட்களில் அவர் தனியே இருந்தார். "வெள்ளிக்கிழமை ராத்திரி சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னமோ கதை ஓடுதே, என்னது?" என்றார். சொன்னேன். "எனக்கும் அந்த இணைப்பை அனுப்பு. சாமி விளக்கு ஏத்திட்டு வந்து உட்கார்றேன்" என்றார். அனுப்பினேன். 22 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கேட்டார். விளக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

2021 ஜனவரியில் மாற்கின் கடைசி அதிகாரத்துக்கு வந்தோம். கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடி, பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள் என்னும் 8ஆம் வசனத்தோடு அன்றைய பகுதியை நிறுத்தினேன். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு சுவிசேஷம் அந்த வசனத்தோடு முடிகிறது என்பதையும் சொன்னேன். இளையவள் உடனே கேட்டாள்: "யாருகிட்டயும் சொல்லலன்னா, நமக்கு எப்படி ஆண்ட்டி தெரியும்?"

நான் வழக்கம்போல் காத்திருந்தேன். வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலும் என் கைப்பேசியிலும் ஒரே நேரத்தில் அக்காவின் குரல் கேட்டது. "பயம் தெளிஞ்சதும், யாராவது வந்து கேட்டிருப்பாங்க. அப்போ சொல்லியிருப்பாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை அப்போஸ்தலர் நடபடிகளைத் தொடங்கினோம்.